கோபித்துக்கொண்டு விட்ட கடை

பெயர்கூடத் தெரியாத ஒரு வெள்ளைக்காரர், விடிந்ததும் விடியாததுமான நேரத்தில், ஒரு கோப்பிக் கடையில், தன் கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, “இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கக்கூசுக்குப் போய்விட்டார். நான் அந்தக் கோட்டை மெய்யாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்கவில்லை. என்னுடைய கோப்பி ஆறிப்போனது. அவர் திரும்பி வந்து நன்றி சொல்லி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலும் முகம் பார்க்காத சனம், வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற சனம், கோட்டை மட்டும் கண்டவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது விளங்காது. அங்கே கடையில் பையை வைத்துவிட்டுப் போனால் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. அது யாருடைய பை என்று கடைக்காரருக்கே தெரியும்.

நான் வாழைச்சேனைக்காரி. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். விடிய வேலை முடிந்து வீட்டுக்கு வர இரண்டு பஸ் எடுக்க வேண்டும். முதல் பஸ்ஸால் இறங்கி, மற்றது வரும்வரை அரைமணி நேரம் மிஞ்சும். அந்தச் சந்தியில் இருந்ததுதான் இந்தக் கோப்பிக் கடை. பெயர் எதற்கு? ஒரே நிறத்தில், ஒரே மணத்தோடு சந்திக்குச் சந்தி இருக்கிற கடைகளில் ஒன்று. யன்னலோரத்தில் இரண்டு சின்ன மேசைகள். ஒன்றில் நான், மற்றதில் கோட்டுக்காரர். வெளிறிப்போன நீலத் தொப்பி ஒன்றை எப்போதும் போட்டிருப்பார் என்பதால் வீட்டில் அவரைத் தொப்பிக்காரர் என்று சொல்லுவேன். குளிர் கூட, குளிர் குறைய என்பதற்கு மேலே நாங்கள் எதுவும் கதைத்ததில்லை. அவர் எழும்பினால் நான் கோட்டைப் பார்ப்பேன். நான் எழும்பினால் அவர் என் பையைப் பார்ப்பார். இப்படியே வருசங்கள் போயின.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. என் வாழ்க்கையில் நான் தனியாக உள்ளே போய், கதிரையில் இருந்து, எதையாவது குடித்த முதல் கடை அதுதான். நான் வளர்ந்த காலத்தில் எங்கள் பக்கம் பெண்கள் தேத்தண்ணிக் கடையில் உட்காருவதில்லை. பக்கத்து முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியில், எல்லோரும் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற ஆதம்பாவாக் காக்காவின் கடைக்கு நான் போன தடவைகளுக்குக் கணக்கில்லை, ஆனாலும் வாசற்படியைத் தாண்டியது கிடையாது. அப்பா சூசைக்குக் காகித மில்லில் வேலை. இரவு முறை வரும் நாட்களில் பின்னேரம் பிளாஸ்க்கைத் தந்து என்னை அனுப்புவார்கள். வாங்குப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் ஆண்களின் தலைகளுக்கு மேலால் காக்காவின் கை நீண்டு வரும். “சூசைட மகளா? நில்லு புள்ள” என்பார். முதலில் சுடுதண்ணீரை விட்டுப் பிளாஸ்க்கை அலசி ஊற்றுவார். அப்போதுதான் தேத்தண்ணி விடியும்வரை சூடாக இருக்குமாம். உள்ளே சிரிப்பும் சத்தமும் பீடிப்புகையுமாக இருக்கும். வெளியே நின்று அதை எட்டிப் பார்த்தபடி, உள்ளே இருந்து குடிப்பது எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். இந்த நாட்டில் அந்த யன்னலோரக் கதிரை கிடைத்தபோது, கோப்பி நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நான் பார்க்கவேயில்லை. இரவெல்லாம் மற்றவர்களைத் தூக்கி, திருப்பி, துடைத்துவிட்டு வருகிற எனக்கு, யாருக்கும் எதுவும் செய்யாமல் இருக்கக் கிடைத்த அரைமணி நேரம் அது.

கடை எப்போது பழுதாகத் தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குச் சீனி வருத்தம். பால் கொஞ்சம், சீனி வேண்டாம் என்பது நான் இந்த நாட்டில் முதலில் பாடமாக்கிய ஆங்கிலம். ஒரு நாள் சீனி போட்டு வந்தது. சொன்னேன், மாற்றித் தந்தார்கள். அதிலும் சீனி. சரி, மனிதர்தானே என்று விட்டேன். பிறகு அது கிழமையில் இரண்டு தரம் நடந்தது. வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் மாதத்துக்கு மாதம் மாறினார்கள். கடைசியாக வந்தவள் இந்தியாவிலிருந்து படிக்க வந்த பிள்ளை, என் மகளைவிட இளையவள். “ஹாய், இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?” என்று வாய் நிறையக் கேட்பாள். நானும் நல்ல சுகம், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒவ்வொரு நாளும் பதில் சொல்லுவேன். பல நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவள் காதில் ஒரு கருவி. அவள் சுகம் விசாரித்தது வெளியே காரில் இருந்தபடி வாங்க வந்தவர்களிடம். அவ்வளவு நாளும் நான் யாரோ ஒரு கார்க்காரனுடைய சுகத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அவளையும் குறை சொல்ல ஏலாது. தலைக்கு மேலே ஒரு திரை இருந்தது. கார்க்காரருக்கு எத்தனை விநாடியில் கோப்பி போனது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். கூடினால் சிவப்பாகும். போனில் ஓடர் பண்ணியவர்களின் கடதாசிப் பைகள் ஒரு பக்கம் வரிசையாக இருக்கும். அவர்கள் உள்ளே வந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போவார்கள். நடந்து வந்து, முன்னால் நின்று, வாயால் கேட்கிற என்னை எண்ணுவதற்கு அந்தத் திரையில் இடமில்லை. ஒரு நாள் நான் நிற்கிறேன், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பிள்ளை என் தோளுக்கு மேலால் பார்த்து “நெக்ஸ்ட்” என்றாள். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவன் முன்னுக்கு வந்துவிட்டான். கடைசியில் என்னுடைய கோப்பை வந்தபோது அது ஆறிப்போய், சீனியும் போட்டிருந்தது. அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே வந்தேன். இனி இந்தக் கடைக்கு வருவதில்லை என்று அன்றைக்கே முடிவு.

மகளுக்கு விசயம் தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது. “அம்மா, மனேஜர்ட்ட கம்ப்ளெயின் பண்ணுங்க. இல்லாட்டி நான் ரிவியூ எழுதுறன். சும்மா வந்தா அவங்களுக்கு என்ன தெரியும்?”

“சொன்னா அந்தப் புள்ளைக்குத்தான் பேச்சு விழும்” என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் முழுக் காரணமும் அதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் மனம் நொந்தால் சத்தம் போடுவதில்லை. சத்தம் போடுகிறவன் அந்தக் கடைக்குத் திரும்பி வரும் எண்ணம் இல்லாதவன். திரும்பி வர விருப்பம் உள்ளவன் பேசாமல் வந்துவிடுவான், அடுத்த நாள் போகமாட்டான். அவ்வளவுதான். மிச்சம் கடைக்காரருடைய வேலை.

அப்பா ஒரு தடவை அப்படிக் கடையை விட்டார். மில்லின் பெரியவர் ஒருவர் அன்று காக்காவின் கடைக்கு வந்திருக்கிறார். அப்பாவுக்கு ஊற்றிய தேத்தண்ணியைக் காக்கா அவசரத்தில் அந்தப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் பெரிய ஆட்களுக்கு மட்டும் கிளாசுக்கு அடியில் வைக்கிற தட்டத்தோடு. அப்பா எழும்பி வந்துவிட்டார். அடுத்த நாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. வேலிக்கரையில் நின்று ரோட்டைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தார். “இவர் போகாட்டிக் காக்காட கடையப் பூட்டிருவாங்களாக்கும்” என்று அம்மா அடுப்படியில் இருந்து சொன்னா. “எனக்குத்தான் ஒரு நாளைக்கு மூணு தரம் தேத்தண்ணி ஊத்தற வேல.” அன்று பின்னேரம் சைக்கிள் மணி கேட்டது. காக்கா ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி வேலி வாசல் கடப்படியில் நின்றார்.

“என்ன சூசை, கடப் பக்கம் காணல்ல? மேலுக்கு ஏலாதா?”

“ஒண்டுமில்ல காக்கா. மில்லுல வேல கூட.”

“வேலயாம் வேல. காலத்தால வாங்க.”

இவ்வளவுதான் கதைத்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லே அதில் கிடையாது. அடுத்த நாள் காலையில் அப்பா போய் இருந்ததும், கேட்காமலே அவருக்கு முதல் தேத்தண்ணி வந்ததாம், தட்டத்தோடு. அதை அப்பா எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆகவே நானும் இங்கே கடையை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். யாராவது சைக்கிளில் வருவார்கள் என்று நினைக்கிற அளவுக்கு எனக்கு மூளை பிசகவில்லை. ஆனாலும் வழியில் அந்தப் பிள்ளையைக் கண்டால், ஏன் காணவில்லை என்று கேட்பாள் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. பனியும் குளிருமாக மாரிகாலம் தொடங்கியது. பஸ் நிற்கிற கண்ணாடிக் கொட்டிலில், வீட்டிலிருந்து கொண்டுபோன பிளாஸ்க்கோடு அரைமணி நேரம் நின்றேன். முழங்கால் விறைத்துப் போகும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடையின் யன்னல் மஞ்சளாகத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் நிற்கப் பழகினேன். “ஒரு கோப்பிக்கு இவ்வளவு வீம்பா?” என்று இவர், என் வீட்டுக்காரர், கேட்டார். கோப்பிக்கு இல்லை. நான் இல்லாதது அங்கே யாருக்காவது தெரிகிறதா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு நாள் போனில் அந்தக் கடையிலிருந்து செய்தி வந்தது. மகள் எப்போதோ போனில் இறக்கித் தந்த அந்தக் கடையின் அப் அனுப்பியது. உங்களைக் காணாமல் வாடுகிறோம், வாருங்கள், ஒரு டோனட் இலவசம் என்று போட்டிருந்தது. இவர் அதை வாசித்துவிட்டு, “இஞ்ச பார் புள்ள, காக்கா சைக்கிள்ல வந்திட்டார்” என்று விழுந்து விழுந்து சிரித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரை நிமிசத்துக்கு எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அப்போது மகள் எட்டிப் பார்த்து, “எனக்கும் இது வந்தது அம்மா, நான் நேத்தும் அங்க போனனான்” என்றாள். எனக்கு அழுகை வருகிற மாதிரிக் கோபம் வந்தது.

இவர் சிரித்தது பிழையில்லை. இவர் பெரியகல்லாற்றுக்காரர், காக்காவின் கடையை நான் சொல்லித்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. யுத்த காலத்தில் எங்கள் தமிழ் ஊருக்கும் காக்காவின் ஊருக்கும் இடையில் போக்குவரத்து நின்றுபோன மாதங்கள் இருந்தன. இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் யாரும் கால் வைக்கவில்லை. மில்லுக்கே ஒருவரும் போகாத நாட்கள். பிறகு மெல்ல மெல்லப் பாதை திறந்தது. திறந்தும் கொஞ்ச நாள் யாரும் போகவில்லை. ஒரு காலையில் அப்பா சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கை எடுத்து என் கையில் தந்தார். “வா புள்ள, போயிட்டு வருவம்.” அம்மா சிலுவை போட்டுக்கொண்டா.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் கதை நின்றுவிட்டது. அப்பா வாசலில் நின்றார், நான் அவருக்குப் பின்னால். காக்கா தாடி நரைத்து, மெலிந்து போயிருந்தார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சூசை,” என்றார், “இவ்வளவு நாளா என்னோட என்ன கோவம்?”

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். “கோவமொண்டுமில்ல காக்கா. மில்லுல வேல கூட.”

மில் பூட்டிக் கிடந்தது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மூலையில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு காக்காவும் சிரித்தார். “உள்ளுக்கு வாங்க” என்றார். தேத்தண்ணி தட்டத்தோடு வந்தது. அப்பா கிளாஸை எடுத்த எடுப்பில் அது தட்டம் முழுக்கச் சிந்தியது. தட்டத்தில் சிந்தியதையும் சேர்த்துக் குடித்தார். காக்கா என் பிளாஸ்க்கை வாங்கிச் சுடுதண்ணீர் விட்டு அலசினார். அத்தனை மாதத்து இரத்தத்தையும் இரண்டு பேரும் ஒரு வாடிக்கைக்காரனின் சின்னக் கோபம் என்று வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொண்டதால்தான் அப்பாவால் அந்த வாசற்படியைத் தாண்ட முடிந்தது. ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்பதற்கு எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை நான் அன்றைக்குக் கண்டேன். இதைக் கண்டவளுக்கு டோனட்டைக் காட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

மாரி முடிகிற நேரம், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க மருந்துக்கடையில் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினார். வெளிறிய நீலத் தொப்பி. என்னைக் கண்டதும் அவருடைய வாய் திறந்தபடி நின்றது.

“நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்தேன்” என்றார்.

எங்கள் பக்கம் இப்படிச் சொன்னால் வாயிலேயே போடுவார்கள். ஆனால் அந்த மனிதரின் கண்ணில் தண்ணீர் நின்றது. கடையில் அந்தப் பிள்ளையிடம் என்னைப் பற்றிக் கேட்டாராம். பெயர் என்ன என்று அவள் கேட்டிருக்கிறாள். அவருக்குத் தெரியாது. பச்சைச் சால்வை போட்டவள், காலையில் வருபவள் என்றாராம். அவளுக்கு ஞாபகம் இல்லை. “இப்போதெல்லாம் அரைக் கோப்பியோடு வீட்டுக்குப் போய்விடுகிறேன்” என்றார்.

“ஏன்?”

“என் வயதில் ஒரு கோப்பி குடித்தால் ஒரு தடவை போக வேண்டும். கோட்டை யாரிடம் விடுவது?”

“என் மேசையில் வேறு யாரும் இருப்பதில்லையா?”

“இருக்கிறார்கள். எல்லோரும் காதில் எதையோ செருகியிருக்கிறார்கள்.”

நான் கடையை விட்ட காரணத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். அவர்களிடம் முறைப்பாடு சொன்னாயா என்றார். இல்லை என்றேன். சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் வராமல் விட்டால் தெரியும்தானே என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். உன்னுடைய நாட்டில் என்ன செய்வார்கள் என்றார்.

“கடைக்காரர் சைக்கிளில் வீட்டுக்கு வருவார்.”

“ஓ, டெலிவரியா?”

“இல்லை. ஒன்றும் கொண்டுவரமாட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுப் போவார்.”

“அதற்காக மட்டுமா?”

“அதற்காக மட்டும்தான்.”

அவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி நெற்றியைத் தடவினார். நான் சொன்னது விளங்கியதா, ஆங்கிலம் பிழைத்துவிட்டதா என்று தெரியவில்லை. அவருடைய முறை வந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, “அப்படியானால் நாளைக்குக் காலையில்?” என்றார். நான் தலையாட்டிவிட்டேன். கேட்ட பிறகு போகாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. அன்றும் நாங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டோம்.

அடுத்த நாள் காலையில் போனேன். யாரும் என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. அந்த இந்தியப் பிள்ளையும் இல்லை, வேறொரு பையன் நின்றான். சுடுதண்ணீரும் ஒரு தேயிலைப் பையும் கேட்டேன். அதில் அவர்கள் சீனி போட வழியில்லை. அவர்களுடைய கோப்பியை விட்டது விட்டதுதான், கதிரையை மட்டும் திரும்ப எடுத்தேன். தொப்பிக்காரர் அன்று முழுக் கோப்பியையும் குடித்தார். “இதைக் கொஞ்சம்” என்று எழும்பினார். அவருடைய கோட்டை என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் தம்பி எனக்குப் போன் எடுத்தான். எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். பின்னால் கிளாஸ்கள் முட்டும் சத்தம் கேட்டது. “காக்காட கடையில நிக்கிறன் அக்கா” என்றான். காக்கா மௌத்தாகி வருசங்களாகின்றன. மகன்தான் இப்போது கடையை நடத்துகிறான். என் அப்பாவின் அடக்கத்துக்குப் போனபோது அவனைக் கண்டது. அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. விடுமுறை கிடைக்கவில்லை, மகளின் படிப்பு, இவருக்கு இடுப்பு ஒப்பரேசன், ஒவ்வொரு வருசமும் ஏதோ ஒன்று. “இந்தா, அவன் உன்னோட கதைக்கணுமாம்” என்று தம்பி போனைக் கைமாற்றினான்.

“என்னக்கா,” என்றது காக்காவின் குரலைப் போலவே ஒரு குரல், “எங்களோட என்ன கோவம்? இந்தப் பக்கம் காணவே இல்ல. கடைய இப்பப் பெருப்பிச்சிருக்கம். பொம்பளையளும் உள்ளுக்கு இருந்துதான் குடிக்கிற. உங்களுக்கும் கதிர கெடக்கு, வாங்க.”

என்ன சொல்வதென்று நான் யோசிக்கவேயில்லை. வாய் தானாகச் சொன்னது.

“கோவமொண்டுமில்ல தம்பி. இஞ்ச வேல கூட.”

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு என் தம்பி போனைத் திரும்ப வாங்கி, போயிட்டு வாறன் என்று சொல்லி வைத்துவிட்டான். கோபித்துக்கொண்டு விட்ட கடையில் நான் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கோபமும் இல்லாமல் விட்டு வந்த கடையில் எனக்கென்று ஒரு கதிரை கிடக்கிறது, அதில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. தொப்பிக்காரர் இன்னும் வரவில்லை. நான் அவருடைய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.